மூளைக்குள் ரத்தம் கசிந்தபின்: அண்ணனோடு இருந்து அறிந்துகொண்டவை

மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைபட்டாலும் சரி, வெடித்தாலும் சரி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடையாளம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாய் ஒரு பக்கமாகக் கோணும், கை தொய்ந்து விழும், பேச்சு குழறும். ஆனால் சிகிச்சை என்று வரும்போது இவை ஏறக்குறைய நேரெதிரான இரண்டு நோய்கள். அடைப்பில், ரத்தம் மீண்டும் ஓட வேண்டும் என்று மருத்துவர்கள் பாடுபடுகிறார்கள். கசிவில், ரத்தம் நின்றாக வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். பக்கவாதத்தைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் அறிவுரைகளும், உறவினர்கள் நல்லெண்ணத்தோடு தொலைபேசியில் சொல்லும் யோசனைகளும் பெரும்பாலும் அடைப்பு வகையைக் கண்டவர்களின் அனுபவத்திலிருந்து வருபவை. அடைப்பு வகைதான் எங்கும் அதிகம் என்பதால் அதில் வியப்பில்லை. என்றாலும், நம் நாட்டில் பக்கவாதம் வருவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கோ அதற்கும் கூடுதலானவர்களுக்கோ வருவது கசிவு வகை. என் அண்ணனுக்கு வந்ததும் அதுதான். நான் மருத்துவன் அல்லன். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களிடம் கேட்டும், பிறகு படித்தும், வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டும் தெரிந்துகொண்டவற்றை, இந்த வகை பக்கவாதம் தனியாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டியது என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அண்ணன் கும்பகோணத்துக்கு அருகில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்த்துவந்தவர். அப்போது அவருக்கு 54 வயது. ரத்தக் கொதிப்பு இருப்பது பல ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் தலை கனத்தால் மாத்திரை போடுவது, உடம்பு லேசாக இருந்தால் விட்டுவிடுவது என்பதே அவர் வழக்கம். சித்திரை மாதத்தில் ஒரு முற்பகலில், பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது வலக்கையிலிருந்து பேனா நழுவியது. தலை வலிக்கிறது என்றார். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தார். கையில் தொடங்கிய பலவீனம் காலுக்கு இறங்கியது. அரை மணி நேரத்துக்குள் பேச்சு நின்று, கண்கள் செருகத் தொடங்கின.

இப்படி நிமிடத்துக்கு நிமிடம் நிலைமை மோசமாகிக்கொண்டே போவது கசிவு வகையில் அடிக்கடி காணப்படும் போக்கு என்று பின்னர் அறிந்தேன். அடைப்பில் பல நேரங்களில் பாதிப்பு தொடக்கத்திலேயே உச்சத்தில் இருக்கும். கசிவில் ரத்தம் வெளியேற வெளியேறப் பாதிப்பும் வளரும். மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுவதால் தலைவலியும் வாந்தியும் மயக்கமும் சேர்ந்து வரும். ஆனால் இந்த அறிகுறிகளை வைத்து இது இன்ன வகை என்று வீட்டில் எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. தலைவலியே இல்லாத கசிவும் உண்டு. வாந்தியோடு வரும் அடைப்பும் உண்டு. எத்தனை அனுபவமுள்ள மருத்துவராக இருந்தாலும் ஸ்கேன் எடுக்காமல் உறுதியாகச் சொல்வதில்லை.

அன்றைய தினம் எங்களைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர், ஆஸ்பிரின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தால் போதும் என்று அவசரமாக வாங்கியே வந்துவிட்டார். மாரடைப்புக்கு முதலுதவியாகச் சொல்லப்படும் மாத்திரை அது. 108 ஆம்புலன்ஸில் வந்த பணியாளர் அந்த மாத்திரையைத் தடுத்து, வாய்வழியாக எதையும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. குழாய் வெடித்துக் கசிந்துகொண்டிருக்கும்போது அந்த ஓட்டையை அடைக்க உடலுக்கு இருக்கும் முதல் கருவியே தட்டணுக்கள்தான். ஸ்கேன் பார்க்கும் முன் ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்தாவது இதனால்தான். தண்ணீரோ காப்பியோ கூடக் கொடுக்கக் கூடாது; விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். பி.பி. அதிகமாக இருக்கிறது என்று வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பதும் தவறு. விரல் நுனிகளை ஊசியால் குத்தி ரத்தம் வடியவிட்டால் பக்கவாதம் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. அதைச் செய்துபார்க்கும் நிமிடங்கள் ஸ்கேனுக்குச் செல்ல வேண்டிய நிமிடங்கள்.

வீட்டார் செய்யக்கூடியவை சில உண்டு. வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு கையில் எடுத்துச் செல்ல வேண்டும். இதய வால்வு மாற்றியவர்களும், இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களும் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டு வருவார்கள். அவர்களுக்குக் கசிவு ஏற்பட்டால் அந்த மருந்தின் விளைவை உடனே முறிக்க வைட்டமின் கே-யும், உறைவுக் காரணிகள் அடங்கிய மருந்தும் ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டார் கொண்டுவரும் மாத்திரை அட்டை, அந்த முடிவை ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எடுக்க உதவும்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதும் பெரிய கேள்வி. பக்கத்துத் தெருவில் இருக்கும் சிறு மருத்துவமனைக்குப் போய், அங்கே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, பிறகு ஸ்கேன் மையத்துக்குப் போய், அதன்பின் பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. சி.டி. ஸ்கேனும் தீவிர சிகிச்சைப் பிரிவும் மூளை அறுவை மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனை எது என்று ஒவ்வொரு குடும்பமும் நோய் வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எங்களை ஆம்புலன்ஸ் பணியாளர் நேராக அப்படிப்பட்ட இடத்துக்கே அழைத்துச் சென்றார்.

சி.டி. ஸ்கேனில் புதிய ரத்தம் வெள்ளையாகத் தெரியும். கசிந்த உடனேயே தெரியும். அடைப்பு வகையோ முதல் சில மணி நேரங்களில் ஸ்கேனில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அண்ணனின் மூளையின் இடப்பக்கத்தில், உள் ஆழத்தில், ஒரு வெண்மையான திட்டு இருந்தது. பியூட்டமென் என்ற பகுதி அது. உயர் ரத்த அழுத்தத்தால் வரும் கசிவுகள் அதிகம் நேரும் இடமும் அதுவே; தலாமஸ், மூளைத்தண்டு, சிறுமூளை ஆகியவை அடுத்தவை. இந்த இடங்களுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் மிக நுண்ணியவை. ஆனால் படிப்படியாகக் கிளைத்து மெலியாமல், பெரிய குழாயிலிருந்து நேரடியாகப் பிரிபவை. ஆகவே பெரிய குழாயின் அழுத்தம் முழுவதையும் அவை தாங்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தம் அதிகமாகவே இருந்தால் அவற்றின் சுவர் நைந்துபோகிறது. 1868ஆம் ஆண்டிலேயே பிரான்சைச் சேர்ந்த ஷார்க்கோ, பூஷார் என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய நுண்குழாய்களில் சிறு வீக்கங்கள் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அண்ணனின் தலைக்குள் அன்று முற்பகலில் நேர்ந்தது அன்று முற்பகலில் தொடங்கியதல்ல என்பது இதைக் கேட்டபோது எங்களுக்குப் புரிந்தது.

எல்லாக் கசிவுகளுக்கும் ரத்த அழுத்தமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதியவர்களுக்கு மூளையின் மேற்பரப்பை ஒட்டிய குழாய்களில் ஒருவகைப் புரதம் படிந்து, அதனால் குழாய் வெடிப்பதுண்டு. இளம் வயதினருக்குப் பிறவியிலேயே பின்னிக்கிடக்கும் ரத்தக் குழாய் முடிச்சு காரணமாகலாம். வாழ்நாளில் கண்டிராத கடுமையான தலைவலி நொடிப்பொழுதில் தாக்கினால், அது மூளையைச் சூழ்ந்த சவ்வுகளுக்கு இடையே நிகழும் கசிவாக இருக்கலாம். அங்கே வெடித்தது பெரும்பாலும் பலூன்போல் உப்பிய ஒரு தமனி. அதைக் கிளிப் மாட்டியோ சுருள் கம்பி வைத்தோ மூடுவதும், நிமோடிபின் என்ற மருந்தை 21 நாட்கள் கொடுப்பதும் சிகிச்சை. அது தனி நோய்; இங்கே நான் விரித்து எழுதவில்லை.

கசிந்த ரத்தத்தின் அளவை மருத்துவர் எங்கள் முன்பாகவே கணக்கிட்டார். திட்டின் நீளம், அதற்குக் குறுக்கே அகலம், ஸ்கேன் அடுக்குகளில் அதன் உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைப்பது மில்லிலிட்டர் கணக்கில் ரத்தத்தின் அளவு. நாலரை, மூன்று புள்ளி இரண்டு, மூன்றரை. பெருக்கி வகுத்தால் 25 மில்லிலிட்டர். மண்டையோட்டுக்குள் கூடுதல் இடம் கிடையாது என்பதால் இவ்வளவு சிறிய அளவே ஒரு மனிதரைச் சாய்த்துவிடுகிறது. நோயின் தீவிரத்தை மதிப்பிட 2001இல் வகுக்கப்பட்ட ஒரு மதிப்பெண் முறையில் 30 மில்லிலிட்டர் ஓர் எல்லைக்கோடு. நினைவு நிலை, ரத்தம் மூளையின் நீர் அறைகளுக்குள் பாய்ந்திருக்கிறதா, கசிவு சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ இருக்கிறதா, வயது 80ஐ எட்டியதா ஆகியவை மற்ற அளவுகோல்கள். வீட்டார் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே: எங்கே, எவ்வளவு, நீர் அறைக்குள் போயிருக்கிறதா, அடுத்த ஸ்கேனில் வளர்ந்திருக்கிறதா.

வளர்ந்திருக்கிறதா என்பதே முதல் நாளின் உயிர்க் கேள்வி. கசிவு தொடங்கிய சில மணி நேரங்களுக்குள் ஸ்கேன் எடுத்துப் பார்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, அடுத்த ஸ்கேனில் ரத்தத் திட்டு குறிப்பிடத்தக்க அளவு பெரிதாகியிருக்கும். அதைத் தடுக்க முதன்மையான வழி ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. அண்ணனுக்கு வந்தபோது 214/118 இருந்தது. ஒரு பம்ப் மூலம் லபெட்டலால் என்ற மருந்தைச் சொட்டுச்சொட்டாக ஏற்றி, மேல் அளவை 140க்கு அருகே கொண்டுவந்து அங்கேயே நிறுத்தினார்கள். எங்கள் உறவினர் ஒருவர் இதைக் கேட்டுப் பதறினார்; அவருடைய தந்தைக்கு அடைப்பு வந்தபோது முதல் நாளில் பி.பி.யைக் குறைக்கவே இல்லையாம். அவர் சொன்னது உண்மைதான். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி போடப்படாத அடைப்பு நோயாளிக்கு, அடைபட்ட பகுதிக்கு ஓரளவேனும் ரத்தம் போய்ச் சேரட்டும் என்று மேல் அளவு 220 வரை இருந்தாலும் முதல் நாளில் விட்டுவைப்பதுண்டு. கசிவில் அதே எண் உயிரைப் பறிக்கும். அழுத்தம் குறைய வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஊசலாடாமல் குறைய வேண்டும், 130க்கும் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது ஒரு மருத்துவரின் தனிப்பட்ட விருப்பம் அன்று. இந்தியா, இலங்கை உள்ளிட்ட பத்து நாடுகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை உட்படுத்திய இன்டராக்ட்-3 என்ற ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. ஒரு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தத்தை 140க்குக் கீழ் கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலை உடனே தணிப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் விளைவை முறிப்பது ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாகச் செய்தவர்களிடம் இறப்பும் குறைந்தது, ஊனமும் குறைந்தது. இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பது எனக்குப் பெரும் நம்பிக்கை தந்த செய்தி. மாவட்ட அளவிலான மருத்துவமனையிலேயே இவை அனைத்தையும் செய்ய முடியும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்கள், அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது இந்த நான்கைப் பற்றியும் பணிவோடு கேட்கலாம்.

ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ஸ்கேனில் திட்டு 31 மில்லிலிட்டர் ஆகியிருந்தது. அதன்பின் வளரவில்லை.

ஏன் ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுக்கவில்லை என்று கேட்காத உறவினர் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் ஆழத்தில் இருக்கும் ரத்தத்தை எடுக்க, அதன் மேலிருக்கும் நல்ல மூளைப் பகுதியைக் கடந்து செல்ல வேண்டும். 2005இல் வெளியான ஸ்டிச் என்ற பெரிய ஆய்வு, உடனடி அறுவையால் பொதுவான பயன் இல்லை என்று காட்டியது. சிறுமூளையில் பெரிய கசிவு என்றால் நிலைமை வேறு. அங்கே தாமதமின்றி அறுவை செய்வது உயிரைக் காக்கும். நீர் அறைகளில் ரத்தம் தேங்கி மூளை நீர் வடிய வழியில்லாவிட்டால் குழாய் வைத்து வெளியேற்றுவார்கள். மேற்பரப்பை ஒட்டிய கசிவுக்குச் சிறு துளை வழியே ரத்தத்தை உறிஞ்சும் முறை பலன் தருவதாக 2024இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அண்ணனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. சென்னைக்குக் கொண்டுபோகலாமா என்ற பேச்சும் எழுந்தது. ரத்தம் வளரக்கூடிய நேரத்தில், முந்நூறு கிலோமீட்டர் ஆம்புலன்ஸ் பயணத்தில், அழுத்தத்தை யார் நிலையாக வைத்திருப்பார்கள் என்று மருத்துவர் கேட்டார். அதற்குப் பதிலாக ஸ்கேன் படங்களைச் சென்னையில் தெரிந்த ஒரு மூளை அறுவை மருத்துவருக்குக் கைப்பேசியில் அனுப்பிக் கருத்துக் கேட்டோம். அவரும் அறுவை வேண்டாம் என்றார். நோயாளியை நகர்த்தாமல் இரண்டாவது கருத்தைப் பெற இது நல்ல வழி.

மூன்றாம் நாளிலிருந்து அண்ணன் மேலும் மயக்கத்துக்குள் போனார். ரத்தத் திட்டைச் சுற்றி மூளை வீங்குவதால் இப்படி நேர்வது வழக்கமாம். வீக்கத்தைக் குறைக்க மன்னிட்டால் என்ற மருந்தையும் செறிவான உப்பு நீரையும் ஏற்றினார்கள். குடும்பங்கள் நம்பிக்கை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், அவரைத் துன்பப்படுத்த வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் அண்ணியிடம் சொன்னார்கள். அண்ணி என்னை அழைத்து, “தம்பி, டாக்டர் கைவிட்டுட்டேன்னு சொல்லலியே, நாம ஏன் சொல்லணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது. இந்த நோயில் ஒரு மாதத்துக்குள் பத்தில் நான்கு பேர்வரை இறக்கிறார்கள் என்பது கசப்பான உண்மை. அதே நேரம், முதல் ஓரிரு நாட்களில் யார் பிழைப்பார், யார் நடப்பார் என்று கணிப்பது பலமுறை தவறியிருக்கிறது. பிழைக்க மாட்டார் என்று கருதிச் சிகிச்சையை நிறுத்தினால் கணிப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும். உயிர்காக்கும் சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் முடிவை, நோயாளியே முன்கூட்டி விருப்பம் தெரிவித்திராத நிலையில், இரண்டாம் நாள் முடியும்வரையாவது தள்ளிப்போட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. மூளைத்தண்டு முழுவதும் சிதைந்த நிலையில் மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். அதைக் கேட்கும் துணிவும் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சு மருத்துவரோடு உட்கார்ந்து நடக்க வேண்டியது. மருத்துவமனை வாசலில் நின்று முடிவாக வேண்டியதன்று.

மயக்கம் மெல்ல விலகியது. அடுத்து வந்த வாரங்களில் உயிருக்கு ஆபத்து மூளையிலிருந்து அல்ல, படுத்துக்கிடப்பதிலிருந்து வரும் என்று செவிலியர் ஒருவர் எச்சரித்தார். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு கரண்டி கஞ்சி கூடக் கொடுக்கக் கூடாது. புரையேறினால் இருமுவார் என்று நம்பவும் கூடாது, ஏனென்றால் உணர்வு மரத்த தொண்டையில் உணவு ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதுவரை மூக்குவழிக் குழாயில்தான் உணவு, அதுவும் தலைப்பக்கத்தை உயர்த்திவைத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்ததால் படுக்கைப் புண் வரவில்லை. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தைத் தடுக்க, காற்று நிரம்பிக் குறையும் உறைகளைக் கால்களில் மாட்டினார்கள்.

இந்த வகைக்கும் அடைப்புக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. இதைச் சொல்லிக் கேட்டபோது அண்ணி முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கசிந்த ரத்தம் மூளை இழைகளில் சிலவற்றை அழிக்கிறது. வேறு சிலவற்றை வெறுமனே ஒதுக்கித் தள்ளி அழுத்துகிறது. வாரக்கணக்கில் ரத்தம் உட்கிரகிக்கப்பட்டு வீக்கம் வடியும்போது, அழுத்தப்பட்டிருந்த இழைகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கலாம். அதனால் தொடக்கத்தில் மிக மோசமாக இருக்கும் கசிவு நோயாளி, அதே அளவு பாதிப்போடு வந்த அடைப்பு நோயாளியைவிட நன்றாகத் தேறுவதும் உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன்பிறகும் நிற்பதில்லை.

அண்ணனுக்குக் கால் முதலில் வந்தது, பிறகு தோள், விரல்கள் கடைசி. மருத்துவமனையிலிருந்து வந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொன்ன முதல் விதி, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் தூக்கிவிடக் கூடாது என்பது. தசை பிடிப்பற்ற தோள் மூட்டு எளிதில் நழுவிவிடும். பிறகு அந்த வலியே பயிற்சிக்குத் தடையாகிவிடும். எழுப்பும்போது இடுப்பைப் பிடித்து எழுப்ப வேண்டும். உட்காரும்போது கையைத் தலையணையில் தாங்கிவைக்க வேண்டும். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்களும், முரட்டுத்தனமாகக் கை இழுத்துவிடும் ஒருவரிடம் அழைத்துப்போகச் சொன்னவர்களும் உண்டு. அண்ணி இரண்டையும் மறுத்துவிட்டார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபி சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பகுதிச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பேச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம். அங்கே கசிவு ஏற்பட்டதால் அண்ணனால் பேச முடியவில்லை. ஆனால் நாங்கள் பேசுவது பெரும்பகுதி புரிந்தது. வந்து பார்த்தவர்கள் பலரும் அவருக்கு அறிவு மங்கிவிட்டது என்று எண்ணி, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்கக் கத்தினார்கள். அவருடைய கண்கள் கலங்கியதற்கு நோய் மட்டுமே காரணமில்லை. பேச்சுப் பயிற்சியாளர் வந்தபின் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும், தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும், ஆம் அல்லது இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்க வேண்டும், அவர் ஒரு சொல்லைத் தேடும்போது அதை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் காத்திருக்க வேண்டும்.

முதலில் திரும்பி வந்தது எண்வரிசை. ஒன்று, இரண்டு என்று பயிற்சியாளர் தொடங்கியதும் அண்ணன் மூன்று, நான்கு என்று தொடர்ந்து பத்துவரை தெளிவாகச் சொன்னார். வீடே மகிழ்ந்தது. ஆனால் மேசையில் கிடந்த ஏழு புளியங்கொட்டைகளைக் காட்டி எத்தனை என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து ஏழில் நின்றுதான் அந்தச் சொல்லை அடைய முடிந்தது. ஆயிரக்கணக்கான முறை சொல்லிச் சொல்லித் தானாக வரும் பேச்சும், நினைத்துத் தேடிச் சொல்லும் பேச்சும் மூளையில் வெவ்வேறு வழிகளில் செல்கின்றன என்று பயிற்சியாளர் விளக்கினார். அதனால் கிழமைகள், மாதங்கள், வாய்ப்பாடு ஆகியவற்றைக் கொண்டே பயிற்சியைத் தொடங்கினோம். வாழ்நாள் முழுவதும் கணக்கோடு வாழ்ந்தவருக்கு வாய்ப்பாடு கைகொடுத்தது. பேச்சுப் பயிற்சி கிடைக்காத ஊர்களில் இருப்பவர்கள் இந்த வரிசைப் பேச்சிலிருந்து தொடங்கலாம். ஆனால் எண்ணிக் காட்டியதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கையெழுத்துப் போட முடியாமல் போவது ஒரு குடும்பத்தை எவ்வளவு முடக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அண்ணனின் வங்கிக் கணக்கு தனிக் கணக்கு. மருத்துவச் செலவுக்கு அவருடைய பணமே அவருக்கு உதவவில்லை. கையெழுத்திட இயலாத நோயாளியின் விரல் ரேகையை, வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஏற்றுப் பணம் தர ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. அதைச் சொல்லிக் கேட்டபின் வேலை நடந்தது. கணவனும் மனைவியும், யாரேனும் ஒருவர் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்றையாவது வைத்திருப்பது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை, நோய் வந்தபின் வருமானச் சான்றுக்கு அலைந்து வாங்குவதைவிட, முன்பே வாங்கிவைப்பது மேல்.

பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது மிகப் பரவலானது. அதற்கு மருந்தும் உண்டு. காரணமின்றி அழுவதும் சில நேரம் சிரிப்பதும் மூளைப் பாதிப்பின் விளைவே என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். வலிப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இனி வாழ்நாள் முழுவதற்குமான வேலை ரத்த அழுத்தம். அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக் கசிவால் இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300/190 என்று பதிவாகியிருக்கிறது. உலகின் மிக வலிமை வாய்ந்த பதவியில் இருந்தவருக்கும் அந்த எண்ணைக் குறைக்க நல்ல மருந்து அன்று இருக்கவில்லை. இன்று அம்லோடிபினும் அதுபோன்ற மாத்திரைகளும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கசிவு வந்து பிழைத்தவருக்கு 130/80க்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. அண்ணனுக்கு இரண்டு வகை மாத்திரைகள். அளவு சரியாக இருக்கும் நாளிலும் அவற்றை நிறுத்துவதில்லை. அளவு சரியாக இருப்பதே அவற்றால்தான். கையில் கட்டும் தானியங்கிக் கருவியால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், பாதிக்கப்படாத கையில், காலையிலும் மாலையிலும் அளந்து அண்ணி குறிப்பேட்டில் எழுதுகிறார். மருத்துவர் மருந்தின் அளவை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே மாற்றுகிறார்.

உப்பில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகிய நான்கையும் நிறுத்தியதே வீட்டின் உப்பைப் பெருமளவு குறைத்தது. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கும் வலி நிவாரணிகளில் பல, அழுத்தத்தை ஏற்றுபவை. மது அறவே கூடாது. பக்கவாதம் வந்தவர்கள் எல்லாரும் ஆஸ்பிரின் போடுகிறார்களே, இவர் ஏன் போடவில்லை என்று இன்றும் கேட்கிறார்கள். இதய நோய் போன்ற தனிக் காரணம் இருந்தால், அதைத் தரலாமா, எப்போது தொடங்கலாம் என்பதை மூளை நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து முடிவு செய்வார்கள். அதுவரை அது வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும், கண் அறுவைக்குப் போனாலும் காட்டுவதற்காக, ‘மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

அண்ணன் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இடக்கையால் எழுதுகிறார். நீண்ட வாக்கியங்கள் இன்னும் வரவில்லை, தேவையானதைச் சொல்லிவிடுகிறார். வீட்டில் கருவி வாங்கியதிலிருந்து எல்லாரும் அளந்துகொள்கிறோம். அண்ணனின் மகனுக்கு வயது 29. எந்தத் தொந்தரவும் இல்லாதவன். ஒரு வாரம் தொடர்ந்து அளந்ததில் 150/96க்குக் குறையவே இல்லை. சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொண்டு, அவன் இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறான்.